உறைநிலத்தின் ஆழம் கண்ட மிட்டென்டார்ஃப்

மண்ணரிப்பு என்றதும் மழையும் காற்றுமே நம் நினைவுக்கு வருகின்றன. குளிர்நாடுகளில் மூன்றாவது பகையொன்றும் உண்டு, அதுவே பனி. மண்ணிடையே நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுகின்றது. கீழிருந்து மேலும் நீரை ஈர்த்துப் பனித்தகடுகள் வளர, மண்ணின் கட்டுத் தளர்கின்றது. வெயில் வந்து மேற்பரப்பு உருகினாலும் அடியில் உறைந்த அடுக்கு நீரை உள்ளே விடுவதில்லை. சேறாகிய மண் சரிவுவழியே நழுவி ஆற்றைச் சேர்கின்றது. இத்தகைய உறைநிலத்தை வெப்பமானி கொண்டு அளந்தறிந்த முன்னோடி அலெக்சாண்டர் ஃபான் மிட்டென்டார்ஃப் ஆவார்.

1815ஆம் ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்த இவர், மருத்துவம் பயின்று, கீவ் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்பித்தார். மூத்த அறிஞர் கார்ல் பேர் என்பாரின் பரிந்துரையால், ரஷ்ய அறிவியற் கழகம் இவரைச் சைபீரியாவுக்கு அனுப்பியது. 1842 முதல் 1845 வரை அப்பயணம் நீடித்தது.

1843ஆம் ஆண்டு தைமிர் தீவகற்பத்தில் இவருக்குப் பெருஞ்சோதனை நேர்ந்தது. திரும்பும் வழியில் நோயுற்று நடக்க இயலாதவரானார். தம்மால் துணைவர்களும் மடியலாகாது எனக் கருதி, உதவி தேடுமாறு அவர்களை முன்னே அனுப்பிவிட்டார். பனிவெளியில் 18 நாட்கள் தன்னந்தனியே கிடந்தார். இறுதியில் அந்நிலத்துப் பழங்குடி மக்களின் துணையால் உயிர் பிழைத்தார்.

உயிர் தப்பியவர் ஊர் திரும்பவில்லை. 1844இல் யக்கூத்ஸ்க் நகரை அடைந்தார். அங்கே ஷெர்கின் என்னும் வணிக அலுவலர் 1828 முதல் 1837 வரை ஒரு கிணறு வெட்டியிருந்தார். 116 மீட்டர் தோண்டியும் நீர் கிட்டவில்லை; உறைந்த மண்ணே கண்டது. நிலம் அத்துணை ஆழம் உறைந்திருக்கும் என்பதை ஐரோப்பிய அறிஞர் சிலர் நம்ப மறுத்த காலம் அது. மிட்டென்டார்ஃப் அக்கிணற்றின் சுவரில் பல ஆழங்களில் துளையிட்டு வெப்பமானிகளைப் பொருத்தினார். ஆழம் மிகுந்தோறும் குளிர் குறைவதையும், அடித்தளத்திலும் வெப்பநிலை சுழிக்குக் கீழேயே நிற்பதையும் கண்டார். உறைநிலம் சுமார் 200 மீட்டர் வரை செல்லும் எனக் கணித்தார். நீர் தராத கிணறு அறிவுக்கு ஊற்றாயிற்று!

1894இல் அவர் மறைந்தார். இன்று அறிஞர்கள் வெப்பநிலை, மழையளவு, நிலச்சரிவு, தாவரப் போர்வை ஆகியவற்றைச் செயற்கைக்கோள் வழியே திரட்டி, திபெத் பீடபூமி போன்ற இடங்களில் அரிப்பு மிகும் பகுதிகளை வரைபடமாக்குகின்றனர். அதே யக்கூத்தியாவில், பத்தகாய் என்னுமிடத்தில் காடழிந்ததால் உறைநிலம் உருகி, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலத்திற்கு நிலம் சரிந்து கிடக்கின்றது. காலடி மண்ணை நிலையானதென்று எண்ணிவிடலாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பயனற்றதெனப் பிறர் கைவிட்ட குழியினுள் இறங்கி உண்மை தேடிய அவ்வறிஞரின் வாழ்வு, ஆய்வு நாடும் மாணவர் நெஞ்சில் நிலைத்திருக்கத் தக்கது என்பது நம் துணிபு.