ஓரணாவில் பசி தீர்த்த தியாகராயர்

மதியம் மணி அடிக்கிறது. ஓசூர் அரசுப் பள்ளியில் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள்.

ஒருவன் வீட்டில் தமிழ். இன்னொருவன் வீட்டில் தெலுங்கு. அடுத்தவன் வீட்டில் கன்னடம். தகப்பனார் தொழிற்சாலையில் வேலை செய்கிறாரா, கூலிக்குப் போகிறாரா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பள்ளியில் பெயர் இருந்தால் போதும். சோறு உண்டு.

ஆனால் முன்பு இப்படி இல்லை. யாருக்குச் சோறு, யாருக்கு இல்லை என்பது பெரிய வழக்காக இருந்தது. அந்தக் கதை பிட்டி தியாகராயரிடம் தொடங்குகிறது.

வெள்ளுடை வேந்தர்

தியாகராயர் 1852-ம் ஆண்டு பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1876-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். நெசவும் வாணிகமும் குடும்பத் தொழில். கையில் பணம் இருந்தது. உடுத்தியதோ எப்போதும் வெள்ளை உடைதான். அதனால் மக்கள் அவரை வெள்ளுடை வேந்தர் என்று அழைத்தார்கள்.

1916-ல் டாக்டர் நாயர், டாக்டர் நடேசனார் ஆகியோருடன் சேர்ந்து நீதிக்கட்சியைத் தொடங்கினார். 1920 தேர்தலில் கட்சி வென்றது. முதல்-மந்திரி பதவி அவரைத் தேடி வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்! நகரசபை வேலையே அவருக்குப் பிடித்திருந்தது. ஏறக்குறைய 40 ஆண்டு அங்கே உழைத்தவர் அல்லவா?

ஆயிரம் விளக்குப் பள்ளி

சென்னை ஆயிரம் விளக்கில் ஒரு நகரசபைப் பள்ளி. ஏழைகள் வாழும் பகுதி அது. பசி காரணமாகப் பிள்ளைகள் பள்ளிக்கு வருவது குறைந்தது.

1920 செப்டம்பர் 16-ந் தேதி, தியாகராயர் தலைவராக இருந்த நகரசபை ஒரு தீர்மானம் போட்டது. அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு நாள் ஒன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவு கூடாது. அணா என்றால் ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு.

பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். மேலும் 4 பள்ளிகளுக்குத் திட்டம் பரவியது.

அப்போது குறுக்கே வந்தது சர்க்கார் விதி. தொடக்கக் கல்வி நிதியைச் சாப்பாட்டுக்குச் செலவிடக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு சொன்னது. 1925 ஏப்ரல் 1-ந் தேதி திட்டம் நின்றது. கணக்குப் புத்தகத்துக்கு அது சரியாக இருக்கலாம். காலி வயிற்றில் பாடம் ஏறுமா?

அதே ஆண்டில் தியாகராயர் காலமானார்.

பிறகு நகரசபை 25 பள்ளிகளில் மீண்டும் சோறு போட்டது. 3 ஆயிரம் பேருக்கு வேண்டும் என்று கேட்டார்கள். கிடைத்தது ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்குத்தான். பக்கத்தில் உட்கார்ந்த மற்றவர்கள் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள்.

1956-ல் காமராஜர் மாநிலம் எங்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவைக் கொண்டுவந்தார். அதை 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 2022-ல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது.

ஓசூரில் இருந்து பட்டுச் சேலை எடுக்கச் சென்னைக்குப் போகிறவர்கள் தி.நகரில் இறங்குகிறார்கள். அந்தத் 'தி', தியாகராயரின் பெயர்தான்.