கதவு கதவாகத் திருச்சபையைத் தேடியவர்

1996ஆம் ஆண்டு கிளிநொச்சி நகரை விட்டு இடம்பெயர்ந்த மக்கள் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி முதலிய இடங்களில் தஞ்சமடைந்தனர். தாம் திருமுழுக்குப் பெற்ற ஆலயத்தையும் முன்னோரின் கல்லறைகளையும் விட்டுவந்த கிறிஸ்தவர்களின் உள்ளத்தில் அன்று ஒரு வினா எழாதிருந்திராது. ஆலயத்தை இழந்த நாம் இன்னும் திருச்சபையாக இருக்கின்றோமா என்பதே அவ்வினா. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே அதற்குத் தம் வாழ்வால் விடையளித்தவர், இலங்கையின் திருத்தூதர் எனப் போற்றப்படும் புனித யோசப் வாஸ் அடிகளார்.

அவர் 1651 ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவின் பெனவுலிம் என்னும் ஊரில் பிறந்தார். 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பெற்று, 1685இல் கோவாவின் உள்நாட்டுக் குருக்கள் அமைத்த ஒராற்றோரியன் சபையில் இணைந்தார். இலங்கைக் கத்தோலிக்கரின் அவலநிலை அவரது உள்ளத்தை வாட்டியது.

1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியபின், கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர்; ஆலயங்கள் பறிபோயின. குருவுக்குப் புகலிடம் அளிப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. மாந்தைப் பகுதிக் குடும்பங்கள் சில, தேவ அன்னையின் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டினுள் புகுந்தன என்பதே மடுத் திருப்பதியின் தொடக்க வரலாறு.

1687இல் அடிகளார் யோவான் என்னும் இளைஞருடன் தூத்துக்குடியிலிருந்து கூலியாளின் கோலத்தில் புறப்பட்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கடும் வயிற்றுப்போக்கினால் தளர்ந்து வழியோரம் கிடந்த அவருக்கு, பெண்ணொருத்தி கஞ்சி வார்த்து உயிர் காத்தாள். மந்தையைக் காக்க வந்த மேய்ப்பர், முதலில் அம்மண்ணின் மக்களால் காக்கப்பட்டார். உடலின் ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பைத் தேவையில்லை என்று தள்ள இயலாது எனக் கொரிந்தியருக்குத் தூய பவுல் உணர்த்திய உண்மை அங்கே மெய்யாயிற்று.

உடல் தேறியதும் அவர் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு, பிச்சைக்காரராக வீடுவீடாகச் சென்றார். அம்மாலையைக் கண்டு எவர் முகம் மாறுகிறது என்று கவனித்தார். இவ்வாறு மறைந்திருந்த கத்தோலிக்கரை இனங்கண்டார். சில்லாலை அவருக்குப் புகலிடமாயிற்று. இரவில் வீடுகளில் திருப்பலி நிறைவேறியது. ஒரு கிறிஸ்து பிறப்பு விழா இரவில் ஒல்லாந்தர் அம்மக்களைச் சுற்றிவளைத்துப் பிடித்தனர். சிலர் உயிரையே இழந்தனர். அடிகளார் மட்டும் அவர்கள் கையில் அகப்படவில்லை. திருச்சபையைச் சேர்ந்திருப்பதற்கு அவர்கள் கொடுத்த விலை அத்தகையது.

1690இல் புத்தளம் சென்ற அடிகளார், 1692இல் கண்டியை அடைந்தபோது போர்த்துக்கீசரின் ஒற்றரெனக் கருதப்பட்டுச் சிறையிடப்பட்டார். அங்கே சிங்களம் கற்றார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, உற்றாரே நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, சமய வேறுபாடு பாராது அவர்களைப் பேணினார்; இறந்தோரைத் தம் கையால் அடக்கம் செய்தார். குருவானவர் வர இயலாத ஊர்களில் செபங்களை நடத்தவும் மக்களை ஒருங்கிணைக்கவும் மூப்பரும் அண்ணாவிமாரும் பொறுப்பேற்றனர். 1711 ஜனவரி 16ஆம் நாள் அவர் கண்டியில் இறையடி சேர்ந்தார். அவரது கல்லறை இருந்த இடம் எதுவென்று இன்று எவருக்கும் தெரியாது. அவர் தேடிச் சேர்த்த மக்களின் வழித்தோன்றல்களோ நாடெங்கும் வாழ்கின்றனர். 2015 ஜனவரி 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்து, அன்றே மடுத் திருப்பதிக்கும் சென்றார்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியில் திருச்சபையைக் குறிக்கும் எக்லேசியா என்னும் சொல், அழைக்கப்பட்டு ஒன்றுகூடிய மக்களையே சுட்டுகிறது. ஆகவே கூரை சரிந்தாலும் திருச்சபை சரிவதில்லை. ஆனால் ஒருவரை ஒருவர் தேடுவது நின்றுபோனால், உயர்ந்த கோபுரத்தின் கீழும் அது நலிந்துவிடும்.

அன்பர்களே, 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் மீண்டும் அனைத்தையும் இழந்து அலைந்தனர். அந்நாள்களில் ஒரு பிடி அரிசியையும் ஒரு செபத்தையும் பகிர்ந்துகொண்டோர் பலர். ஊர் திரும்பிய பின், அன்று நம்மருகே முழந்தாளிட்டவர் இன்று எங்கே இருக்கிறார் என்று நாம் தேடியதுண்டா? உறவுகளை இழந்து தனித்திருக்கும் தாயும், எவரும் அழைக்காததால் வழிபாட்டுக்கு வராதிருக்கும் இளைஞனும் நம் உடலின் உறுப்புகள் அல்லவா? பங்கின் பதிவேட்டில் நம் பெயர் இருப்பது நன்று. வரும் ஞாயிறு ஆலயத்துக்குப் போகும் வழியில் அத்தகைய ஒருவரின் கதவைத் தட்டுவோம். திருச்சபையைச் சேர்ந்திருப்பதன் பொருள் அவ்வாசலில் நமக்கு விளங்கும்.