கைவழி வந்த மொழி

நுழையும்முன்

குழந்தை பேசுவதற்கு முன்பே கேட்கத் தொடங்குகிறது. கேட்டலே பேச்சின் வித்து. செவிவழி மொழி சென்று சேராதபோது பேச்சு மட்டுமன்றி, அறிவின் மலர்ச்சியும் தடைப்படுகிறது. மழலைப் பருவத்திலேயே அத்தடைக்கு ஆளாகி, அதனை வென்ற ஒருவரின் வாழ்வே இப்பாடம்.

இரண்டு வயதாகியும் பேசாத குழந்தையைக் கண்டு, அதன் தந்தையும் காலந்தாழ்த்தியே பேசினான் என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் கூறுவதுண்டு. திருப்பத்தூரை அடுத்த ஜவ்வாது மலையின் புதூர்நாட்டிலும் சரி, சென்னை மாநகரிலும் சரி, இவ்வாறுதல் பொதுவானது. சில வேளைகளில் அது உண்மையாகலாம். சில வேளைகளில் மீட்கவியலாத காலத்தைக் கவர்ந்துகொள்ளும். அக்காலத்தின் அருமையை உணர்த்துவது ஹெலன் கெல்லரின் வரலாறு.

பத்தொன்பது மாதச் செல்வம்

ஹெலன் கெல்லர் 1880ஆம் ஆண்டு ஜூன் 27 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள டஸ்கம்பியா என்னும் சிற்றூரில் பிறந்தார். பிற குழந்தைகளைப் போலவே கேட்டார், சிரித்தார், மழலையில் சில சொற்களையும் கூறினார். தண்ணீரைக் குறிக்கும் சொல் அவற்றுள் ஒன்று. பத்தொன்பதாம் மாதத்தில் கடுங்காய்ச்சல் தாக்கியது. காய்ச்சல் தணிந்தபோது வீட்டார் மகிழ்ந்தனர். குழந்தையின் கண்ணும் செவியும் தம் ஆற்றலை இழந்துவிட்டதை அப்போது எவரும் அறிந்திலர்.

ஒலி நின்றதும் பேச்சும் நின்றது. தண்ணீரைக் குறித்த குதலைச்சொல் மட்டும் சிறிதுகாலம் நாவில் தங்கியிருந்தது. குழந்தையின் அறிவோ உறங்கவில்லை. தலையை அசைத்து மறுப்பையும், கையைப் பற்றி இழுத்து அழைப்பையும் உணர்த்தினார். இவ்வாறு ஏறத்தாழ அறுபது சைகைகளைத் தாமே உருவாக்கிக்கொண்டார். ஆயினும், உள்ளத்தில் எழுந்தவை சைகைகளுக்குள் அடங்கவில்லை. சொல்ல இயலாமை சினமாக மாறியது, பொருள்களை எறிந்தார், தம் தாயையே ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டினார். அறிவு குன்றிய குழந்தை எனக் கருதிய உறவினரும் இருந்தனர். குறை அறிவில் இல்லை. மொழி வந்து சேரும் வழி அடைபட்டிருந்தது என்பதை அவர்கள் உணரவில்லை.

ஆசிரியர் வருகை

பெற்றோர் நம்பிக்கை இழக்கவில்லை. 1886ஆம் ஆண்டு தந்தை தம் மகளைப் பால்டிமோர் நகரக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மருத்துவர், அலெக்சாண்டர் கிரகாம் பெல்லைக் காணுமாறு கூறினார். தொலைபேசியால் புகழ்பெற்ற பெல், செவித்திறன் குறையுடையோரின் ஆசிரியருமாவார். அவர் காட்டிய வழியில் பாஸ்டன் நகரப் பெர்க்கின்ஸ் நிறுவனத்திற்குக் கடிதம் சென்றது. அங்குப் பயின்ற ஆன் சல்லிவன் என்னும் இருபது வயது இளம்பெண், 1887ஆம் ஆண்டு மார்ச் 3 அன்று ஹெலனின் இல்லத்தை அடைந்தார். இளமையில் கண்பார்வை மங்கி, ஏழையர் இல்லத்தில் வளர்ந்த சல்லிவனுக்கு இருளின் துயர் புதிதன்று.

அவர் ஹெலனின் உள்ளங்கையில் விரல்களால் எழுத்துகளை உணர்த்தினார். சிறுமி அவ்வசைவுகளைத் திரும்பச் செய்தாளேயன்றி, அவை பொருள்களின் பெயர்கள் என்பதை அறியவில்லை. பாடத்தில் சலிப்புற்று, தன் பொம்மையையும் உடைத்தாள். ஏப்ரல் 5 அன்று ஆசிரியர் அவளைத் தண்ணீர்க் குழாயடிக்கு அழைத்துச் சென்றார். ஒரு கையில் குளிர்நீர் வழிந்தோட, மறுகையில் தண்ணீர் என்னும் சொல்லை எழுதினார். அப்பொழுதே சிறுமிக்கு விளங்கியது: ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் உண்டு! வீடு திரும்பியவள் உடைந்த பொம்மையின் துண்டுகளைத் தேடி எடுத்து, முதன்முறையாகத் தன் செயலுக்கு வருந்தினாள். சொல் வந்த அன்றே அவள் உள்ளத்தில் இரக்கமும் பிறந்தது.

மழலையிடம் கற்ற பாடம்

அடுத்து ஆசிரியர் செய்ததே ஆழ்ந்து எண்ணத்தக்கது. பதினைந்து மாதக் குழந்தை ஒன்று, தன்னால் பேச இயலாதவற்றையும் கேட்டுப் புரிந்துகொள்வதை அவர் கண்டார். எவரும் அக்குழந்தைக்குப் பாடம் நடத்தவில்லை. அதனைச் சுற்றி ஓயாது பேசினர். அவ்வாறே ஹெலனின் கையிலும் முழுமுழு வாக்கியங்களாகப் பேசத் தொடங்கினார் சல்லிவன். செவி பெறவேண்டியதைக் கை பெற்றது. தேங்கிய அறிவு வெள்ளமெனப் பெருகியது.

1890ஆம் ஆண்டு சாரா புல்லர் என்னும் ஆசிரியரிடம் வாய்மொழியும் பயின்றார் ஹெலன். வாழ்நாள் முழுதும் முயன்றும், அவருடைய பேச்சு அயலார்க்கு எளிதில் விளங்கவில்லை. எனினும், 1903இல் தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக்கினார். 1904இல் ராட்கிளிஃப் கல்லூரியில் சிறப்புடன் பட்டம் பெற்றார். பல நாடுகளுக்கும் சென்று மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக உழைத்த அவர், 1955இல் இந்தியாவிற்கும் வந்தார். பார்வையின்மையினும் கேளாமையே பெருந்துயர் எனக் கருதினார். மனிதரிடமிருந்து மனிதரைப் பிரிப்பது அதுவே என்பது அவர் துணிபு. 1968ஆம் ஆண்டு ஜூன் 1 அன்று மறைந்தார்.

தெரிந்து தெளிவோம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தமிழகத்தில் செவித்திறன் குறையுடையோர்க்கான பள்ளி தோன்றியது. அதனைப் பாளையங்கோட்டையில் தொடங்கியவர் புளோரன்ஸ் சுவைன்சன் அம்மையார்.

இன்றைய கடமை

ஹெலனுக்கு மொழி மீண்டும் வந்துசேர ஐந்தாண்டுகளுக்கு மேலாயின. இன்றைய குழந்தைகள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டுவதில்லை. பிறந்த சில நாள்களிலேயே செவித்திறனைச் சோதிக்க இயலும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கே சென்று குழந்தைகளைப் பரிசோதிக்கின்றனர். காதொலிக் கருவி, செவிச்சுருள் அறுவை மருத்துவம், பேச்சுப் பயிற்சி, சைகை மொழி எனப் பல வழிகள் உள்ளன. எவ்வழியாயினும் காலத்தே தொடங்குவதே பயன்தரும். பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத மழலையை மலையூரில் கண்டாலும் மாநகரில் கண்டாலும், காத்திருக்கச் சொல்லாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தூண்டுவோம். அக்குழந்தைக்கும் உரிய காலத்தில் மொழி சென்று சேரட்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் அங்கன்வாடி அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று, குழந்தைகளின் செவித்திறனை அறியும் முறைகளைக் கேட்டறிந்து எழுதுக.
2. செவித்திறன் குறையுடைய நண்பருக்கு உங்கள் பெயரைச் சைகையால் உணர்த்தப் பழகி, வகுப்பில் செய்து காட்டுக.