ஹீத் துரையும் சேலத்து உருக்கும்

சேலத்தினின்று நாமக்கல் செல்வோர் கஞ்சமலையைக் காணாதிரார். அம்மலையிலும் கொல்லிமலைச் சாரலிலும் மலிந்துள்ள காந்தக் கல்லை உருக்கி இரும்பெடுத்தல் இந்நாட்டார்க்கு நெடுங்காலத் தொழிலாயிருந்தது. அதனைக் கூர்ந்து நோக்கியவருள் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பாரை நம் கல்லூரி மாணவர் அறிதல் நலமென எண்ணி அவர் வரலாற்றைச் சுருங்க உரைக்கின்றோம்.

ஹீத் கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தராய்ச் சேலத்தில் இருந்தவர். இங்கிருந்த கொல்லர், சுமார் ஒரு ராத்தல் தேனிரும்பை மண்மூசையிலிட்டு, உலர்ந்த ஆவாரங்கட்டையைச் சிறு துண்டுகளாக்கிச் சேர்த்து, எருக்கிலை இரண்டொன்றால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்தனர். இத்தகைய மூசைகள் இருபதுக்கு மேற்பட்டவற்றை ஓருலையில் அடுக்கித் துருத்தியூத, இரண்டரை மணி நேரத்தில் உருக்குக் கட்டி ஆயத்தமாயிற்று.

விறகும் இலையும் எதற்கு? தேனிரும்பில் கரிச்சத்து மிகச் சொற்பம். ஆதலின் அது வளையுமேயன்றிக் கூர்நில்லாது. வார்ப்பிரும்பிலோ நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு கரி. அது அடித்தால் உடையும். ஏறக்குறைய ஒரு பங்கு கரி கலந்ததே தோய்ச்சலுக்கு இசைந்து வாளும் உளியுமாகும். ஷெப்பீல்டில் இரும்புப் பாளங்களைக் கரித்தூளிற் புதைத்துப் பல நாள் சுட்டனர். மூடிய மூசையிலோ பச்சிலையினின்றெழும் ஆவியும் கரியும் ஒருங்கே இரும்பைப் பற்றுதலால் வேலை விரைவில் முடிகின்றதென ஹீத் கருதினார். படியாத கொல்லர் என இகழாது அவர்பாற் பாடங்கேட்ட அப்பண்பே எமக்குப் பெரிதாய்த் தோன்றுகின்றது.

1830-இல் பரங்கிப்பேட்டையில் அவர் தொடங்கிய இரும்பாலைக்குச் சேலத்துக் கல் சென்றது. ஆலையால் அவர் கண்டது நஷ்டமே.

பின்னர் இங்கிலாந்து சென்று, கரியோடு கூடிய மாங்கனீசைச் சிறிது சேர்த்தால் மட்டமான இரும்பினின்றும் நல்லுருக்கு வருமெனக் கண்டு, 1839-இல் காப்புரிமை பெற்றார். ஷெப்பீல்டில் உருக்கின் விலை வெகுவாய் இறங்கிற்று. ஆனால் மாங்கனீசுத் தாதுவையும் கரிப்பொருளையும் தனித்தனியே மூசையிலிட்டாலும் அப்பயன் கிட்டுமென்பது வெளியாயிற்று. அவருடைய முகவராயிருந்தவரே அவ்வழியைக் கைக்கொண்டார். மூசைக்குள் அவ்விரண்டும் முதலிற் கூடித் தம் பொருளாகவே ஆகின்றனவென ஹீத் வழக்காடினார். உலையினுள் நிகழ்வதைக் கண்ணாற் கண்டு சாட்சி சொல்வார் யார்? வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1851-இல் ஹீத் காலமானார். பிரபுக்கள் சபை 1855-இல் அவர் பக்கத்துக்கு மாறாகவே தீர்ப்பளித்தது.