சிசிர் குமார் மித்ரா

சிசிர் குமார் மித்ரா (அக்டோபர் 24, 1890 – ஆகஸ்டு 13, 1963) இந்தியாவின் வானொலி இயற்பியல் அறிஞரும் பல்கலைக்கழக ஆசிரியரும் ஆவார். கம்பியில்லாத் தொடர்பு நுட்பத்தை இந்தியப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துள் கொண்டு வந்தவர்களுள் முதன்மையானவர். வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பும் மேல் வளிமண்டலப் பகுதியான அயனிமண்டலத்தைப் பற்றிய ஆய்வுகளால் உலகளவில் அறியப்பட்டார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் வானொலி இயற்பியல் மற்றும் மின்னணுவியல் துறை இவரது முயற்சியால் தோன்றியது. இன்று மின்பொறியியலின் கிளையாகக் கற்பிக்கப்படும் மின்னணுவியலும் தொடர்புப் பொறியியலும், இவர் பணியைத் தொடங்கிய காலத்தில் இந்தியக் கல்லூரிகளில் தனிப் பாடங்களாக இருக்கவில்லை.

இளமையும் கல்வியும்

மித்ராவின் தந்தையார் ஆசிரியராகவும் பின்னர் பாகல்பூர் நகராட்சியில் எழுத்தராகவும் பணியாற்றினார். தாயார் சரத்குமாரி கல்கத்தாவில் மருத்துவம் பயின்று, பாகல்பூரில் டஃபரின் சீமாட்டி மருத்துவமனையில் மருத்துவராகச் சேர்ந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் இந்தியப் பெண் மருத்துவம் கற்றுப் பணிக்குச் சென்றது அரிய நிகழ்வாகும். மித்ராவின் தந்தையார் நோயுற்று மறைந்த பின் குடும்பத்தைத் தாங்கியதும், மகனின் படிப்பு நின்றுவிடாமல் காத்ததும் அந்த ஊதியமே.

பாகல்பூரில் இடைநிலைக் கல்வியை முடித்தபின் மித்ரா கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1912 இல் இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். அங்கே ஜகதீச சந்திர போசு இவருக்கு ஆசிரியராக இருந்தார். 1890களில் அதே கல்லூரியில் சில மில்லிமீட்டர் நீளமுள்ள மின்காந்த அலைகளை உண்டாக்கி ஆராய்ந்தவர் போசு. எனினும் மித்ரா மாணவராகச் சேர்ந்தபோது போசு தாவரங்களின் உடலியக்க ஆய்வுக்குத் திரும்பிவிட்டிருந்தார். மின்காந்த அலைகளைக் குறித்த ஆய்வு கல்கத்தாவில் ஏறத்தாழ அறுந்து போயிருந்தது. அதனை மீண்டும் எடுத்துக் கட்டியவர் அவருடைய மாணவரான மித்ராவே என்பது குறிப்பிடத்தக்கது.

குடும்பப் பொறுப்பின் காரணமாக மித்ராவால் ஆய்வில் உடனே முழுமையாக ஈடுபட இயலவில்லை. பாகல்பூரிலும் பின்னர் பாங்குரா கிறித்தவக் கல்லூரியிலும் விரிவுரையாளராகப் பணியாற்றினார். ஆய்வுக் கருவிகள் இல்லாத அச்சிறு நகர்களில் வங்காள மொழியில் அறிவியல் கட்டுரைகள் எழுதி வந்தார்.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில்

1916 இல் ஆசுதோசு முகர்சி பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் முதுகலை வகுப்புகளைத் தொடங்கியபோது, இளைஞர்கள் சிலரைத் தேடி அழைத்தார். மேகநாத சாகா, சத்தியேந்திர நாத் போசு ஆகியோருடன் மித்ராவும் அவ்வாறு விரிவுரையாளர் ஆனார். அடுத்த ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் பிறந்த ச. வெ. இராமன், அரசின் நிதித்துறைப் பதவியைத் துறந்து அங்குப் பேராசிரியராகச் சேர்ந்தார். இராமனின் ஆய்வுக் குழுவில் இணைந்த மித்ரா, ஒளியின் குறுக்கீட்டு விளைவு, விளிம்பு விலகல் ஆகியவற்றை ஆராய்ந்து 1919 இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார்.

1920 இல் பாரிசு சென்று சொர்போன் பல்கலைக்கழகத்தில் சார்லசு ஃபாப்ரியின் கீழ் நிறமாலையியலில் ஆய்வு செய்து 1923 இல் இரண்டாவது முனைவர் பட்டத்தையும் பெற்றார். இதன் பின் மேரி கியூரியின் ரேடியம் நிறுவனத்தில் சிறிது காலம் இருந்தார். இவ்வளவும் ஒளியியலாளர் ஒருவரின் வாழ்க்கை வரலாறே. முப்பது வயதைக் கடந்து, இரு முனைவர் பட்டங்களைப் பெற்ற ஒருவர் தம் துறையை மாற்றிக் கொள்வது எளிதன்று. ஆனால் நான்சி நகரில் காமில் குத்தோன் என்பவரின் ஆய்வகத்தில் வானொலி வால்வுகளைக் கொண்டு நடந்த சோதனைகளைக் கண்ட மித்ரா, இனித் தம் பணி இதுவே என முடிவு செய்தார். முதல் உலகப் போரில் பெருவளர்ச்சி பெற்ற அவ்வால்வுகள் அப்பொழுது இந்தியாவில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பாடமாக இல்லை. கம்பியில்லாத் தந்தி என்பது கப்பல், அஞ்சல், படைத்துறை ஊழியர்களின் தொழிற்பயிற்சியாகவே கருதப்பட்டது. முதுகலை வகுப்பில் இதனைக் கற்பிக்க வேண்டும் என்று மித்ரா பிரான்சிலிருந்தே ஆசுதோசு முகர்சிக்கு எழுதினார். அவரும் அதற்கு இசைந்தார்.

வானொலி கற்பித்தல்

1923 இல் நாடு திரும்பிய மித்ரா இயற்பியலுக்கான கைரா பேராசிரியராக நியமிக்கப்பட்டார். 1920களின் நடுப்பகுதியில் கம்பியில்லாத் தொடர்பு முதுகலை இயற்பியலின் சிறப்புப் பாடமாயிற்று; அதற்கென ஓர் ஆய்வகமும் அமைந்தது. மாணவர்கள் அலையியற்றிகளையும் பெருக்கிகளையும் தம் கையாலேயே அமைத்துப் பழகினர்.

இவ்வாய்வகத்திலிருந்து 2சிஇசட் என்னும் அழைப்புக் குறியுடன் ஓர் ஒலிபரப்பு நிலையமும் இயங்கியது. சென்னையில் 1924 இல் மாகாண வானொலிக் கழகத்தார் ஒலிபரப்பு நடத்தத் தொடங்கியதைத் தமிழர் அறிவர். கல்கத்தாவில் அதே காலத்தை ஒட்டிப் பாடலும் உரையும் ஒரு பல்கலைக்கழக வகுப்பறையின் அருகிலிருந்து ஒலித்தன. 1927 இல் இந்திய ஒலிபரப்புக் கழகம் பம்பாயிலும் கல்கத்தாவிலும் முறையான நிலையங்களைத் திறந்தது. கல்கத்தா நிலையம் மித்ராவுக்கு எதிர்பாராத ஆய்வுக் கருவியாகவும் பயன்பட்டது.

அயனிமண்டல ஆய்வுகள்

கதிரவனின் புறஊதாக் கதிர்கள் மேல் வளிமண்டலத்தின் மூலக்கூறுகளிலிருந்து எதிர்மின்னிகளைப் பிரிக்கின்றன. இவ்வாறு மின்தன்மை பெற்ற அடுக்குகள் வானொலி அலைகளை வளைத்து நிலத்துக்குத் திருப்பி அனுப்புகின்றன. ஏறத்தாழ 100 கி.மீ. உயரத்தில் இத்தகைய அடுக்கு உள்ளது என்பதை 1924 இல் இங்கிலாந்தில் ஆப்பிள்டன் மெய்ப்பித்தார். ஆனால் அது நடுநிலக்கோட்டுப் பகுதியில் செய்யப்பட்ட சோதனை. கதிரவன் தலைக்கு மேல் நிற்கும் வெப்ப மண்டலத்தில் நிலைமை என்ன என்பது தெரியாதிருந்தது. மித்ராவும் அவர் மாணவர் இரட்சித்தும் கல்கத்தா வானொலி நிலையத்தின் அலைகளைத் தொலைவிலிருந்து பெற்று ஆராய்ந்து, ஈ அடுக்கு எனப்படும் அவ்வடுக்கு இங்கும் உள்ளதை 1930 இல் காட்டினர். 1932-33 ஆம் ஆண்டுகளின் இரண்டாம் அனைத்துலகத் துருவ ஆண்டுத் திட்டத்திலும் இக்குழு பங்கேற்றது.

ஈ அடுக்கிற்குக் கீழே உள்ள டி அடுக்கு குறித்தும் மித்ராவின் குழு 1930களில் சான்றுகளை வெளியிட்டது. பகலில் தோன்றி நடுஅலைகளை விழுங்கும் இவ்வடுக்கு, கதிரவன் மறைந்ததும் மங்கிவிடுகிறது. சதுரங்கப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் பகலில் இரைச்சலாக இருந்த தொலைதூர நடுஅலை நிலையங்கள் இருட்டிய பின் தெளிவாகக் கேட்டதைப் பழைய வானொலி நேயர்கள் நினைவுகூர்வர். அதற்குக் காரணம் இதுவே.

தமிழ்நாட்டுக்கு நெருக்கமான மற்றோர் ஆய்வும் உண்டு. அயனிமண்டலத்தின் மேலடுக்கான எஃப்2 இல் எதிர்மின்னி அடர்த்தி புவியின் காந்த நடுக்கோட்டின் மேல் மிகுதியாக இருக்க வேண்டும் என எதிர்பார்க்கப்பட்டது. மாறாக, நடுக்கோட்டின் மேல் குறைந்தும் அதற்கு வடக்கிலும் தெற்கிலும் மிகுந்தும் காணப்படுவதை 1946 இல் ஆப்பிள்டன் எடுத்துக்காட்டினார். நடுக்கோட்டின் மேல் மிகு உயரத்தில் உண்டாகும் மின்துகள்கள் காந்த விசைக்கோடுகளின் வழியே இருபுறமும் சரிந்து இறங்குகின்றன என்று மித்ரா அதே ஆண்டில் விளக்கம் தந்தார். துகள்களை அவ்வுயரத்துக்கு ஏற்றும் மின்புலத்தின் பங்கு பின்னர் பிறரால் சேர்க்கப்பட்டது. மித்ராவின் கருத்து அவ்விளக்கத்தின் ஒரு பகுதியாக நிலைத்தது. காந்த நடுக்கோடு தென் தமிழகத்தின் வழியாகச் செல்வதும், கல்கத்தா அவ்வடர்த்தி மிகும் பகுதியை ஒட்டி அமைந்திருப்பதும் இந்திய ஆய்வாளர்களுக்கு வாய்த்த நற்பேறு எனலாம். 1950களில் கொடைக்கானல் வானாய்வகத்திலும் அயனிமண்டல அளவீடுகள் தொடங்கப்பட்டன.

இவருடைய கருத்துகள் அனைத்தும் நிலைபெறவில்லை. மின்னிறக்கத்துக்குப் பின்னும் ஒளிரும் கிளர்வுற்ற நைதரசன் வளி, மின்னேற்றம் பெற்ற நைதரசன் மூலக்கூறுகளால் ஆனது என 1940களில் இவர் முன்வைத்த கொள்கை, பிற்காலச் சோதனைகளால் கைவிடப்பட்டது. அவ்வொளிர்வு நைதரசன் அணுக்கள் மீண்டும் இணைவதால் உண்டாவது என்பதே ஏற்கப்பட்டுள்ளது.

மேல் வளிமண்டலம் என்னும் நூல்

மித்ராவின் பெயரை உலகெங்கும் பரப்பியது 1947 இல் ஆங்கிலத்தில் வெளிவந்த 'மேல் வளிமண்டலம்' என்னும் பெருநூலாகும். அயனிமண்டலம், துருவ ஒளி, இரவு வானின் ஒளிர்வு, புவிக் காந்தம் எனத் தனித்தனியே சிதறிக் கிடந்த செய்திகளை ஒருசேரத் தொகுத்த முதல் விரிவான நூல் அது. இத்தகைய நூலை வாங்குவோர் சிலரே இருப்பர் என்று வெளிநாட்டுப் பதிப்பாளர்கள் தயங்கினர். இறுதியில் கல்கத்தாவின் ஆசியக் கழகம் அதை வெளியிட்டது. பதிப்பாளர்களின் கணிப்பு பொய்த்தது. படிகள் விரைவில் விற்றுத் தீர்ந்தன. 1952 இல் விரிவாக்கிய இரண்டாம் பதிப்பும் 1955 இல் உருசிய மொழிபெயர்ப்பும் வெளிவந்தன. செயற்கைக்கோள்கள் ஏவப்படுவதற்கு முந்தைய பத்தாண்டில் இத்துறைக்கு வந்த ஆய்வாளர்களுக்கு இதுவே கைந்நூலாக விளங்கியது.

தனித்துறை

1935 முதல் 1955 இல் ஓய்வு பெறும் வரை மித்ரா இராசபிகாரி கோசு பேராசிரியராகப் பணியாற்றினார். இங்கிலாந்தில் 1920 இலேயே வானொலி ஆராய்ச்சிக்கென ஒரு வாரியம் அமைந்ததைச் சுட்டி, இந்தியாவிலும் அவ்வாறு ஒன்று வேண்டும் எனப் பல ஆண்டுகள் வலியுறுத்தி வந்தார். இரண்டாம் உலகப் போர் வந்து இறக்குமதி தடைபட்ட பின்னரே, 1942 இல் இவர் தலைமையில் வானொலி ஆராய்ச்சிக் குழு அமைக்கப்பட்டது. போர்க்காலத்தில் இவரது ஆய்வகத்தில் ஒலிவாங்கிகள், ஒலிபெருக்கிகள், வால்வுகள் ஆகியவற்றை உள்நாட்டிலேயே செய்யும் முயற்சிகள் நடந்தன.

1944-45 இல் பட்நாகர், சாகா முதலியோருடன் இந்திய அறிவியல் குழுவின் உறுப்பினராக இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் சென்றார். போரின்போது அந்நாடுகளில் மின்னணுவியல் அடைந்திருந்த வளர்ச்சியை நேரில் கண்டபின், இயற்பியல் பாடத்தின் ஒரு பகுதியாக மட்டும் இதனைக் கற்பிப்பது போதாது என உணர்ந்தார். அதன் விளைவாக 1949 இல் வானொலி இயற்பியல் மற்றும் மின்னணுவியலுக்கெனத் தனித்துறை உருவானது. 1950களில் கல்கத்தாவுக்கு வெளியே அரிங்கட்டா என்னும் இடத்தில், நகரின் மின் இரைச்சலுக்கு எட்டாத தொலைவில், அயனிமண்டலக் கள நிலையம் ஒன்றும் அமைக்கப்பட்டது. வளிமண்டல அறிஞர் ஏ. பி. மித்ரா இவரிடம் ஆய்வு செய்தவர். வானொலி வானியலில் சிக்னசு ஏ என்னும் அலைமூலம் இரட்டை அமைப்புடையது என்பதை 1953 இல் செனிசனுடன் இணைந்து கண்டறிந்த மிருணாள் குமார் தாசுகுப்தாவும் இத்துறையைச் சேர்ந்தவரே.

இறுதிக் காலம்

1955 இல் இந்திய அறிவியல் பேராயத்தின் பொதுத் தலைவராக இருந்தார். 1958 இல் இலண்டன் வேந்தியக் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1962 இல் பத்ம பூசண் விருது பெற்றார். அதே ஆண்டில் தேசியப் பேராசிரியராகவும் நியமிக்கப்பட்டார். பல்கலைக்கழக ஓய்வுக்குப் பின் மேற்கு வங்காள இடைநிலைக் கல்வி வாரியத்தின் நிருவாகப் பொறுப்பையும் சில ஆண்டுகள் ஏற்றிருந்தார். 1963 ஆகஸ்டு 13 அன்று காலமானார். 1970 இல் நிலவின் மறுபக்கத்தில் மாக் பெருங்குழியை ஒட்டியுள்ள ஒரு குழிக்கு மித்ராவின் பெயர் சூட்டப்பட்டது.