சட்டம் தந்த சுல்தான்

ஸ்கூடாய் ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் மிளகும் காம்பிரும் பயிரிடப்பட்டன. காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்கள் சீனக் குடியேறிகள். அவர்களின் தலைவருக்கு ஜொகூர் ஆட்சியாளர் ‘சூராட் சுங்கை’ என்னும் ஆற்றுரிமைச் சாசனத்தை வழங்குவார். வரி தண்டுவதும் ஒழுங்கைக் காப்பதும் அத்தலைவர் ஒருவரின் கையிலேயே இருந்தன. இத்தகைய ஜொகூருக்கு எழுத்து வடிவில் அரசியலமைப்புச் சட்டத்தை வழங்கியவர் சுல்தான் அபு பாக்கார்.

இவர் 1833ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தெமெங்கோங் இப்ராஹிமின் மகனாகப் பிறந்தார். பாதிரியார் ஒருவர் நடத்திய பள்ளியில் கல்வி கற்றார். 1862இல் தந்தை மறைந்ததும் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 1868இல் மகாராஜா எனவும், 1885இல் சுல்தான் எனவும் பிரிட்டன் அவரை ஏற்றுக்கொண்டது.

பட்டம் உயர்ந்தபோதும் அவருக்குக் கவலை குறையவில்லை. 1874இல் பேராக்கிலும் 1888இல் பகாங்கிலும் பிரிட்டிஷ் ரெசிடெண்டுகள் அமர்த்தப்பட்டனர். சமயம், வழக்காறு நீங்கலாக மற்றவற்றில் அவர்களின் ஆலோசனையை மன்னர்கள் ஏற்றே ஆகவேண்டும். ஜொகூருக்கும் அந்நிலை நேராது என்பதற்கு என்ன உறுதி?

1895 ஏப்ரல் 14ஆம் நாள் அபு பாக்கார் அரசியலமைப்புச் சட்டத்தைப் பிறப்பித்தார். மலாய் மாநிலங்களில் இதுவே முதலாவது. அரியணை யாருக்கு உரியது என்பதை அது வரையறுத்தது. ஆட்சியாளருக்கு ஆலோசனை கூற அமைச்சர் மன்றத்தையும், சட்டம் இயற்றுவதில் துணைநிற்க மாநில மன்றத்தையும் வகுத்தது. எல்லாவற்றிலும் கனமானது வேறொரு விதி. எந்த ஆட்சியாளரும் ஜொகூரை அந்நிய நாட்டிடம் ஒப்படைக்கக் கூடாது என்பதே அது. தன் வழித்தோன்றல்களின் கைகளையும் அவர் சட்டத்தால் கட்டினார்.

1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு, சட்டமியற்றல், நிர்வாகம், நீதி ஆகிய அதிகாரங்களை மூன்றாகப் பிரித்து, ஒன்றை மற்றொன்று கட்டுப்படுத்துமாறு செய்தது. ஜொகூரில் அவ்வளவு தெளிவான பிரிவு இல்லை. மக்கள் வாக்களிக்கவும் இல்லை. மன்ற உறுப்பினர்களை ஆட்சியாளரே நியமித்தார். எனவே, இதனை மக்களாட்சி எனக் கூற இயலாது. எனினும், முடியாட்சி நிலவிய ஒரு மாநிலத்தில் மன்னரின் அதிகாரத்திற்கும் எல்லை உண்டு என எழுதப்பட்டது சிறிய செய்தியன்று.

சட்டம் பிறந்து இரண்டு மாதங்கள்கூட நிறைவடையவில்லை. 1895 ஜூன் 4ஆம் நாள் அபு பாக்கார் இலண்டனில் காலமானார். அவருடைய மகன் இப்ராஹிம் அரியணை ஏறினார். மறு ஆண்டு பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் பிரிட்டிஷ் பாதுகாப்பில் ஒரே கூட்டாட்சியாக இணைக்கப்பட்டன. ஜொகூர் அதில் சேரவில்லை. 1914இல்தான் அது பிரிட்டிஷ் பொது ஆலோசகரை ஏற்க நேர்ந்தது. அப்போதும் அபு பாக்கார் தந்த சட்டம் நீக்கப்படவில்லை. பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது.