முள் உணர்த்திய உண்மை

தோலில் காயம் பட்டால் குருதி கசிந்து உறைகிறது. காயத்தைச் சுற்றிலும் சிவந்து வீங்குகிறது. சில நாள்களில் பொருக்கு உதிர, அதனடியில் புதுத்தோல் தோன்றுகிறது. இவ்வீக்கத்தை நோயின் தீய விளைவென்றே பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர் பலர் எண்ணினர். உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியே அது என நிறுவியவர் இலியா மெச்னிகோவ்.

மெச்னிகோவ் 1845ஆம் ஆண்டு, இன்றைய உக்ரைன் நாட்டிலுள்ள கார்கிவ் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே செடிகொடிகளிடத்தும் சிற்றுயிர்களிடத்தும் பேரார்வம் கொண்டார். நான்காண்டுப் பல்கலைக்கழகப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். பின்னர் ஒடெசா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியரானார். அவருடைய முதல் மனைவி 1873இல் காசநோயால் மறைந்தார். அத்துயரிலிருந்து மீண்டு ஆய்வைத் தொடர்ந்தார். அரசியல் குழப்பம் பல்கலைக்கழகத்தையும் சூழவே, 1882இல் பதவியைத் துறந்தார். இரண்டாம் மனைவி ஓல்காவுடனும் அவர்தம் உடன்பிறந்தாருடனும் இத்தாலியின் மெசினா நகருக்குச் சென்று, வீட்டிலேயே ஆய்வு செய்யலானார்.

ஒருநாள் வீட்டிலுள்ளோர் சர்க்கஸ் காணச் சென்றனர். தனித்திருந்த மெச்னிகோவ் நட்சத்திர மீனின் இளவுயிரியை நுண்ணோக்கியில் கண்டார். நீர்போல் தெளிந்த அதன் உடலுள் சில செல்கள் அங்குமிங்கும் ஊர்ந்துகொண்டிருந்தன. ஊறு செய்யும் பொருள் உட்புகுந்தால் இச்செல்கள் அதனை எதிர்க்குமோ என்னும் எண்ணம் அவருள் எழுந்தது. உடனே தோட்டத்திற்குச் சென்று ரோஜா முட்களைக் கொணர்ந்து, இளவுயிரிகளின் தோலடியில் செருகினார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. விடியற்காலையில் நோக்கியபோது, முள்ளைச் சூழ்ந்து செல்கள் திரண்டு நின்றன. மனிதனின் விரலில் முள் தைத்தாலும் இதுவே நிகழும் என அவர் உய்த்துணர்ந்தார்.

அச்செல்களுக்கு விழுங்கு செல்கள் எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார். நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரியின் உடலில் புகுந்த பூஞ்சை வித்துகளை இத்தகைய செல்கள் விழுங்கி அழிப்பதையும் 1884இல் எடுத்துக்காட்டினார்.

ஆயினும் அறிஞர் பலர் அவர் கருத்தை ஏற்கவில்லை. வெள்ளணுக்கள் கிருமிகளை உடலெங்கும் சுமந்து பரப்புகின்றன என்றனர் சிலர். கிருமிகளை அழிப்பது குருதிநீரே என்றனர் வேறு சிலர். லூயி பாஸ்டர் பாரிஸ் நகரிலுள்ள தம் நிறுவனத்தில் அவருக்கு ஆய்வுக்கூடம் அளித்தார். 1888 முதல் அங்கே உழைத்த மெச்னிகோவ், ஒவ்வொரு மறுப்புக்கும் புதிய ஆய்வால் விடையளித்தார். 1908இல் நோபல் பரிசு அவருக்கும், குருதிநீரின் ஆற்றலை ஆராய்ந்த பால் எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. செல்களும் குருதிநீரும் இணைந்தே உடலைக் காக்கின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. மெச்னிகோவ் 1916இல் பாரிஸில் காலமானார்.

காயம் ஆறும் முறை இன்று மேலும் விளங்கியுள்ளது. தோல் கிழிந்தவுடன் குருதித் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கசிவை அடைக்கின்றன. சில மணி நேரத்தில் சிறிய விழுங்கு செல்கள் விரைந்து வந்து கிருமிகளை அழிக்கின்றன. இரண்டு மூன்று நாள்களில் பெருவிழுங்கு செல்கள் மிகுந்து, இறந்த செல்களை அகற்றுகின்றன. வேதிப்பொருள்களைச் சுரந்து, பழுது நீக்கும் செல்களை வரவழைக்கின்றன. அவ்வாறு வரும் நாரிழைச் செல்கள் கொலாஜன் என்னும் புரதத்தை உண்டாக்கிப் பள்ளத்தை நிரப்புகின்றன. காயத்தின் விளிம்பிலுள்ள தோல் செல்கள் பெருகி நகர்ந்து, மேற்பரப்பை மூடுகின்றன. பெருவிழுங்கு செல்களுக்கு மெச்னிகோவ் இட்ட கிரேக்கப் பெயரே மருத்துவ உலகில் இன்றும் வழங்கி வருகிறது.

அருஞ்சொற்பொருள்

குருதி – இரத்தம்
பொருக்கு – காய்ந்த புண்ணின் மேல் படியும் ஓடு
ஊறு – தீங்கு
உய்த்துணர்தல் – ஆராய்ந்து அறிதல்

வினாக்கள்

1. மெச்னிகோவ் முட்களை எங்கே செருகினார்? ஏன்?
2. விழுங்கு செல்கள் பற்றிய கருத்தை அறிஞர் சிலர் மறுத்தமைக்குக் காரணங்கள் யாவை?
3. காயம் ஆறும்போது பெருவிழுங்கு செல்கள் செய்யும் பணிகளை எழுதுக.